தனியச் சாப்பிடாதை

றஊப்: அமத்திட்டன் அண்ண. போனில சிவப்பு வட்டம் ஓடுது, கொரல் பதியுது. கதையுங்க.

தாமோதரம்: இப்பவோ?

றஊப்: இல்ல, பெருநாளைக்கு! இப்பதான் அண்ண. கீர்த்தனிப் பிள்ள கனடாவில காத்துக்கிட்டு இரிக்கி.

தாமோதரம்: க்கும்... "திருமலைத் துறைமுகக் கரையினிலே, அலைகடல் தாலாட்ட, அருளே திருமேனியாய் எழுந்தருளிய தவத்திரு துறையடிச் சுவாமிகள், கிளிவெட்டிப் பதியிலே அவதரித்து, இளமையிலேயே உலகப் பற்றைத் துறந்து..." என்ன உது சிரிப்பு?

றஊப்: நான் சிரிக்கல்ல. இருமின.

தாமோதரம்: நோன்பு பிடிச்சுக்கொண்டு பொய் சொல்லாதை.

றஊப்: இளமையாம்! நாப்பது தாண்டின மனிசன் அண்ண. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில ஸ்ரோர் கீப்பர். 'நாகமணி ஸ்ரோர்' எண்டு கேட்டா கேற்றில நிக்கிற காவல்காரனும் சொல்லுவான்.

தாமோதரம்: குருபூசை அண்டு பெரிய ஸ்பீக்கரிலை போடப் போயினம். அதிலை போய் ஸ்ரோர் கீப்பர் எண்டு சொல்லுறதோ?

றஊப்: ஏன், ஸ்ரோர் கீப்பருக்குச் சொர்க்கத்தில கதவு தொறக்க மாட்டாங்களா?

தாமோதரம்: நீ போனை மட்டும் பிடி. கதையைப் பிடிக்காதை.

றஊப்: சரி, சரி. திரும்ப ஓடுது. ம்...

தாமோதரம்: "சுவாமிகள் நிகழ்த்திய அற்புதங்கள் அநேகம். ஒருமுறை மூதூர் லோஞ்சு நடுக்கடலிலே பெருங்காற்றில் அகப்பட, சுவாமிகள் எழுந்து நின்று திருக்கரத்தை உயர்த்த, காற்று அக்கணமே..."

றஊப்: வாளி.

தாமோதரம்: என்ன வாளி?

றஊப்: கைய ஒசத்தினது காத்துக்கில்ல அண்ண, வாளிக்கி. மனிசனுக்கு வயித்தப் பெரட்டிச் சத்தி வந்திட்டு. அந்த லோஞ்சில ரிக்கற் கிழிச்ச ஆள் நான். வாளியக் கொண்டு போய்க் குடுத்ததும் நான்தான்.

தாமோதரம்: காத்து நிண்டதோ இல்லையோ?

றஊப்: நிண்ட.

தாமோதரம்: பிறகென்ன?

றஊப்: வாளி குடுத்த மறுகாதான் நிண்ட. அப்ப அற்புதம் என்ட வாளியிலதான் இரிக்கி.

தாமோதரம்: ஹ... ஹ... சிரிக்கப் பண்ணாதையடா... தலை சுத்துது.

றஊப்: தலை சுத்துதா? ஏன்?

தாமோதரம்: வெயிலுக்கு. இண்டைக்கு என்ன எரிவு எரியுது பார். கடல் கரையிலை இருந்தும் ஒரு காத்தில்லை... நீ அதை நிப்பாட்டு. முதலிலையிருந்து தொடங்குவம்.

றஊப்: அண்ண, நான் ஒண்டு சொல்லவா? உள்ளதச் சொல்லுங்க. அந்த மனிசனுக்கு உள்ளதே காணும்.

தாமோதரம்: உள்ளது எனக்கெங்கை தெரியும்? நான் பிந்தி வந்தவன். நீதானே முதல் ஆள். நீ சொல்லு.

றஊப்: நானா? குருபூசைக்கிச் சோனகன்ட கொரலா போடப் போறீங்க?

தாமோதரம்: சுவாமியின்ர முதல் பந்தியிலை இருந்தது சோனகன்தானே. பகிடியை விட்டிட்டுச் சொல்லு. நான் பிடிக்கிறன் போனை. எதை அமத்துறது?

றஊப்: அமத்த வேணாம், ஓடிக்கிட்டுத்தான் இரிக்கி... ம்... பிரச்சினக் காலம் அது. சனம் முகாம்கள்ல இருந்து ஊருக்குத் திரும்புற நேரம். நாகமணி ஸ்ரோரும் கிளிவெட்டிக்குத் திரும்பின. ஆனா தனிய. பொஞ்சாதி, பிள்ளைகள், தாய்... ஒருத்தரும் மிஞ்சல்ல.

தாமோதரம்: ஓம்...

றஊப்: வீட்டக் கூட்டி, அடுப்ப மூட்டி, சோறாக்கின. கைப்பழக்கம் பாருங்க... வீட்டுச் சனம் அத்தனைக்கும் காணுற மாதிரி அரிசியப் போட்டுட்டார். ஆக்கி எறக்கி, கோப்பையில போட்டுக்கிட்டு உக்காந்தா, முதல் வாய் தொண்டையால எறங்கல்லயாம்.

தாமோதரம்: "வாய்க்குள்ளை சோறு கல்லாய்ப் போச்சு" எண்டு சொல்லுவார். வேறை ஒண்டும் சொல்ல மாட்டார்.

றஊப்: அப்பிடியே பானையத் தூக்கிக்கிட்டு மூதூருக்கு வந்து, லோஞ்சு ஏறி, இந்தத் துறையடியில எறங்கின. வழியில நான் ரிக்கற் கேக்கப் போன. "முதல் இரு, சாப்பிடு" எண்டார். காவியும் இல்ல, தாடியும் இல்ல. கிழிஞ்ச சாரம். விசரனாக்கும் எண்டு பயத்திலதான் அண்ண நான் இருந்த.

தாமோதரம்: பசியிலை இல்லையோ?

றஊப்: பசியும்தான். நான் ஒரு வாய் வெச்ச மறுகாதான் அவர் ஒரு வாய் வெச்ச. எறங்கிட்டு. அழுதழுது தின்ன. அவர் அழுறதப் பாத்து நானும் அழுத. ஏன் அழுறன் எண்டே எனக்குத் தெரியா.

தாமோதரம்: சுவாமீ...

றஊப்: நீங்க அழுதா போனுக்குக் கேக்கும்.

தாமோதரம்: கேட்கட்டும். கீர்த்தனி அவருக்குப் பேத்தி முறைதானே, அதுவும் கொஞ்சம் அழட்டும்... கொண்டா இஞ்சை. இப்ப நான் சொல்லுறன்.

றஊப்: தவத்திரு இல்லாமலா?

தாமோதரம்: இல்லாமல்தான்... பிள்ளை, கேள். சுவாமி அதுக்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. இந்தத் துறையடியிலை ஒரு கொட்டில் போட்டார். மத்தியானத்திலை ஒரு மணி கட்டி அடிச்சார். லோஞ்சிலை வந்த சனம், மூட்டை தூக்கினவன், மீன்காரி, ஆர் வந்தாலும் "இரு" எண்டார். சாதி சமயம் கேட்க விடமாட்டார். படையலும் வைக்கிறேல்லை. "சாமிக்குப் பசிக்காது, வாறவனுக்குத்தான் பசிக்கும்" எண்டுவார்.

றஊப்: காலில விழுந்த கதையயும் சொல்லுங்க.

தாமோதரம்: ஓம், காலிலை விழப் போனால் பொல்லாத கோவம் வரும். "காலிலை ஆணிதான் கிடக்கு, எழும்பு" எண்டு பேசுவார். ஒருக்கா ரவுணிலையிருந்து ஒரு பெரிய மனிசர் காரிலை வந்து உபதேசம் கேட்டவர். மனம் சரியில்லை, நித்திரை இல்லை எண்டு. சுவாமி கேட்டது ஒரு கேள்விதான். "உன்ர வீட்டிலை தனியச் சாப்பிடுறது ஆர்?" அந்தாள் கனநேரம் யோசிச்சுப்போட்டு, "அம்மா... பின்னறையிலை" எண்டார். "அப்ப இஞ்சை ஏன் வந்தனி? போய் அவவுக்குப் பக்கத்திலை இரு" எண்டு கலைச்சு விட்டிட்டார்.

றஊப்: அந்தக் காரு கிறுகி வரவேயில்ல.

தாமோதரம்: வந்தது. தாயையும் ஏத்திக்கொண்டு வந்தது. நீ அண்டைக்குக் கிண்ணியாவிலை நிண்டனி... அவ்வளவுதான் பிள்ளை சுவாமியின்ர போதனை. தனியச் சாப்பிடாதை. மணி அடிச்சு, ஒராளாவது வந்து கோப்பைக்கு முன்னாலை இருந்தாப் பிறகுதான் மடத்துக்காரன் சோத்திலை கை வைக்கலாம். ஒருத்தரும் வராட்டி அவனும் பட்டினி. சுவாமியே அப்பிடிப் பட்டினி கிடந்த நாள் இருக்கு.

றஊப்: ம்.

தாமோதரம்: கடைசி நேரம் நான்தான் கஞ்சி பருக்கினன். வாயைத் திறக்கமாட்டன் எண்டிட்டார். என்னைக் கையாலை காட்டினார். நான் ஒரு வாய் குடிச்சாப் பிறகுதான் அவர் ஒரு வாய் விழுங்கினார். "மணியை விட்டிடாதை" எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

றஊப்: மாஷா அல்லாஹ். இதோட நிப்பாட்டுறன். இதான் அண்ண. இதக் கேட்டாக் காணும் சனத்துக்கு... ஆனா மடத்துக்குக் காசனுப்புற அந்தப் பிள்ள கேட்ட மத்தக் கேள்வி இன்னும் இரிக்கே.

தாமோதரம்: எது?

றஊப்: தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. இப்பவும் மடத்தில சனம் சாப்பிடுதா, இல்லாட்டி மடத்தச் சாத்தி, சுவாமிட படத்தக் கோயில்ல குடுத்துட்டு, ஒங்கள ஒரு முதியோர் இல்லத்தில...

தாமோதரம்: போடு வட்டத்தை.

றஊப்: போட்டுட்டன்.

தாமோதரம்: பிள்ளை கீர்த்தனி, ஒண்டுக்கும் யோசியாதை. சனம் வந்துகொண்டுதான் இருக்கு. நாளுக்கு அஞ்சாறு பேர் எண்டாலும் இருப்பினம். இண்டைக்கும் நிலாவெளிப் பக்கத்திலையிருந்து ஒரு தாயும் மகளும் வந்தவை. பூசணிக்காய்க் கறியும் பருப்பும். வயிறாறச் சாப்பிட்டிட்டு, திரும்பத் திரும்பக் கும்பிட்டுக்கொண்டு...

றஊப்: நிப்பாட்டிட்டன்.

தாமோதரம்: ஏனடா? வடிவாய் வந்துகொண்டிருந்தது!

றஊப்: ஆர் வந்த?

தாமோதரம்: சொன்னன்தானே. தாயும் மகளும்.

றஊப்: அண்ண... வரக்க மூஞ்சி கழுவக் குசினிக்குள்ள போன நான். அடுப்புக்குள்ள பூன படுத்துக் கெடக்கு.

தாமோதரம்: குளிருக்குக் கிடக்கும்.

றஊப்: இப்பதான் வெயிலுக்குத் தலை சுத்துது எண்ட. ஒங்களுக்கு வெயில், பூனைக்குக் குளிரா? பகல் சோறாக்கின அடுப்பெண்டா பூன கிட்டப் போகுமா? ஆரும் வரல்ல. என்ன?

தாமோதரம்: நேரமாகுது, நீ வெளிக்கிடு.

றஊப்: நேத்து?

தாமோதரம்: றஊப்பு...

றஊப்: முந்தநாள்? மூதூரில இருந்து ஒரு வாத்தியார் வந்த எண்டு சொன்னீங்களே, பாயாசம் கேட்ட எண்டு?

தாமோதரம்: ஒருத்தரும் வரேல்லை. உங்கட பிறை கண்ட நாள் துவக்கம் ஒருத்தரும் வரேல்லை. போதுமோ?

றஊப்: யா அல்லாஹ்... ரெண்டு கெழமையாகுதே அண்ண!

தாமோதரம்: ஆர் வாறது? பாலம் போட்டாப் பிறகு லோஞ்சிலை ஆர் ஏறுறது? முந்தி மூதூர்ச் சனம் துறையடியிலை கால் வைக்க முதல் மணிச் சத்தம் கேட்கும். இப்ப பஸ்ஸிலை நேரை ரவுணுக்குப் போகுதுகள். இந்தப் பக்கம் ஒரு மடம் இருக்கெண்டு இப்பத்தைப் பெடியளுக்குத் தெரியாது. மற்ற மாசம் எல்லாம் நீ வந்து இருந்தனி, சாப்பிட்டன். உனக்கு நோன்பெண்டால் பஸ்தியாம்பிள்ளை அண்ணர் வருவார். அவரையும் மகள் நீர்கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போட்டாள்.

றஊப்: பக்கத்து வீட்டுத் திரேசம்மாவக் கேட்டிருக்கலாமே?

தாமோதரம்: கேட்டனான். அவ தவக்காலமாம். இந்தமுறை உங்கட நோன்பும் அவையின்ர தவக்காலமும் ஒண்டாய் வந்திட்டுதெல்லோ. முழு ஊரும் விரதம், மணி அடிக்கிறவன் நான் ஒருத்தன். அடிச்சால் காகம்தான் வருது.

றஊப்: ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து கேக்கிறன், "ஆரும் வந்தாங்களா அண்ண" எண்டு. "வந்தவை, சாப்பிட்டவை"... எவ்வளவு பொய்!

தாமோதரம்: உனக்கு உள்ளதைச் சொன்னால் நீ என்ன செய்வாய் எண்டு எனக்குத் தெரியும்.

றஊப்: என்ன செய்வன்?

தாமோதரம்: நோன்பை விட்டிட்டு வந்து கோப்பைக்கு முன்னாலை இருப்பாய்.

றஊப்: இரிப்பன்தான்! எனக்குச் சீனி இரிக்கி, நோன்பு புடிக்காத எண்டு டொக்டரே சொன்ன. நாளைக்கிப் பகல் வாறன். சோத்தப் போடுங்க.

தாமோதரம்: வந்தாலும் போட மாட்டன்.

றஊப்: ஏன்?

தாமோதரம்: என்ர நேமத்தைக் காக்க உன்ர நோன்பை முறிக்கிறதோ? சுவாமி இருந்தால் அகப்பையாலை அடிப்பார், ரெண்டு பேருக்கும்.

றஊப்: அப்ப ஒருவாட்டி தனியச் சாப்பிடுங்க. கண்ண மூடிக்கிட்டு. சுவாமி வந்து பாக்கவா போறார்?

தாமோதரம்: சுவாமிக்குப் பயந்தில்லை றஊப்பு... உனக்குத் தெரியும், நான் கலியாணம் கட்டாதவன். தபால் கந்தோர், வாடகை அறை, கடைச் சாப்பாடு. முப்பது வருசம் ஒரு சுவரைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டவன். அந்தச் சுவரிலை எங்கை வெடிப்பு, எங்கை கறை எண்டு இப்பவும் சொல்லுவன். பென்சன் எடுத்த அண்டைக்கு இந்தப் பக்கம் சும்மா நடந்து வந்தன். மணி கேட்டது. எட்டிப் பாத்தன். "இரு" எண்டார்.

றஊப்: ம்...

தாமோதரம்: அதுக்கு முன்னம் என்னை ஆரும் "இரு" எண்டு சொன்னதில்லை. "ஐயா, முத்திரை தாங்கோ" எண்டு சொல்லியிருக்கினம். "அறையை எப்ப விடுறியள்" எண்டு கேட்டிருக்கினம்... திரும்ப அந்தச் சுவருக்கு முன்னாலை போய் இருக்க என்னாலை ஏலாது. முதியோர் இல்லத்திலையும் ஒரு சுவர் தருவினம். எனக்கு வேண்டாம்.

றஊப்: விளங்குது அண்ண.

தாமோதரம்: உனக்கு விளங்காது. வீடு நிறையச் சனம் வைச்சிருக்கிறாய்.

றஊப்: ...அப்ப இந்த ரெண்டு கெழமையும் எப்பிடி உசிரோட இரிக்கிறீங்க?

தாமோதரம்: இருக்கிறன்தானே.

றஊப்: எப்பிடி எண்டு கேட்டன்.

தாமோதரம்: உன்ர சேட்டென்ன, பொத்தான் இல்லாமல்? நேற்றும் இல்லை. உன்ர மகள் றிஷானா பாக்கிறேல்லையோ?

றஊப்: அவளுக்கு நோன்பு வேல அண்ண. கதைய மாத்தாதீங்க.

தாமோதரம்: பொக்கற்றுக்குள்ளை என்ன பொட்டலம்?

றஊப்: பேரீச்சம்பழம். போற வழியில பாங்கு கேட்டுட்டா நோன்பு தொறக்க எண்டு வெச்சிரிக்கன்.

தாமோதரம்: அப்ப வேளைக்கு வெளிக்கிடன்! ஒவ்வொரு நாளும் உன்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கேற்றிலை விட வேண்டிக் கிடக்கு... இண்டைக்கு என்ன செய்யிறாள் றிஷானா?

றஊப்: என்னத்த... கஞ்சிதான்.

தாமோதரம்: ஆட்டிறைச்சி போட்டோ?

றஊப்: ஓம். ஒங்களுக்கென்னத்துக்கு எறைச்சிக் கத?

தாமோதரம்: கேட்கிறதுக்கு என்ன, நான் தின்னவோ போறன்? றோல்ஸ் பொரிக்கிறாளோ?

றஊப்: பொரிப்பாள்.

தாமோதரம்: நேற்று உந்தப் பேரன் தாஹிர் பழம் களவெடுத்துப் பிடிபட்டவன் எண்டனி. அரைவாசியிலை விட்டிட்டு ஓடிட்டாய். பிறகென்ன நடந்தது?

றஊப்: பாங்குக்கு முந்தியே ரெண்டு பழத்த வாய்க்குள்ள அமத்திட்டான். தாய் "திண்டியா" எண்டு கேட்டாள். "இல்ல" எண்டு தலைய ஆட்ட, கொட்டை வெளிய விழுந்திட்டு.

தாமோதரம்: ஹ... ஹ... ஹ... கொட்டை விழுந்திட்டுதோ! அருமையான பெடியன். அடிச்சாளோ?

றஊப்: அடிக்க விடுவனா?

தாமோதரம்: அதுதானே... பாயை விரிச்சுப்போட்டு எல்லாரும் வட்டமாய் இருப்பியள், என்ன?

றஊப்: ஓம்.

தாமோதரம்: நல்ல சத்தமாய் இருக்குமோ?

றஊப்: காது கேளாது.

தாமோதரம்: நல்லது. நல்லது.

றஊப்: அண்ண... ஏன் ஒவ்வொரு நாளும் இதையே கேக்கிறீங்க? என்ன கறி, ஆர் எங்க இரிக்கிற, ஆர் அடிபடுற... ஒண்டு விடாம.

தாமோதரம்: சும்மாதான்.

றஊப்: சும்மா இல்ல. சொல்லுங்க.

தாமோதரம்: சிரிக்கப் போறாய்.

றஊப்: சிரிக்க மாட்டன். நோன்பு.

தாமோதரம்: நீ போனாப் பிறகு கொஞ்ச அரிசி போடுவன். சும்மா ஒரு பருப்பு. ரெண்டு கோப்பை எடுத்து வைப்பன். எனக்கு ஒண்டு, முன்னாலை ஒண்டு. பள்ளியிலை பாங்கு சொல்லும் வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பன். சொன்னவுடனை... இப்ப றஊப்பு பாயிலை இருக்கிறான், றிஷானா கஞ்சி ஊத்துறாள், பெடியன் பழத்துக்கு அடிபடுறான் எண்டு நினைச்சுக்கொண்டு ஒரு வாய் வைப்பன். இறங்குது றஊப்பு! கல்லாய்ப் போகேல்லை. சுவாமி ஒரே பாயிலை இரு எண்டு சொல்லேல்லையே. தனியச் சாப்பிடாதை எண்டுதானே சொன்னவர். பாங்கு சொல்லேக்கை உன்ர வீட்டுச் சனம் முழுக்க என்னோடை இருந்து சாப்பிடுது. அதாலைதான் உன்னை வேளைக்குக் கலைக்கிறனான். நீ நேரத்துக்குப் போய் இருந்தால்தானே எனக்கும் கணக்குச் சரி... என்ன, அப்பிடிப் பாக்கிறாய்? பிழையோ?

றஊப்: பிழையில்ல அண்ண.

தாமோதரம்: கீர்த்தனிக்கு இதைச் சொல்லேலாது. விசர்க் கிழவன் எண்டு நாளைக்கே என்னை ஏத்திக்கொண்டு போக வான் அனுப்புவாள். நீ அந்தத் தாயும் மகளும் வந்த கதையையே அனுப்பிவிடு... அந்தா! அந்தா பாங்கு! ஐயோ, கதையிலை நேரம் போட்டுது, நான் இன்னும் அரிசியும் கழுவேல்லை. ஓடு, ஓடு!

றஊப்: கோப்பையள எடுங்க அண்ண.

தாமோதரம்: என்ன?

றஊப்: ரெண்டு கோப்பை எண்டீங்களே, அத எடுங்க. தண்ணியும் கொஞ்சம்... இந்தாங்க, ஒங்களுக்கு ரெண்டு பழம், எனக்கு ரெண்டு பழம். பிஸ்மில்லாஹ்... ம்... நான் வாய் வெச்சிட்டன். இப்ப நீங்க.

தாமோதரம்: உனக்கென்ன விசரோ? அங்கை பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள்!

றஊப்: இரிங்க அண்ண. கீர்த்தனிப் பிள்ளைக்கு இண்டைக்கு ரெண்டு பேர் எண்டு சொல்லுங்க. அது பொய்யில்ல.

தாமோதரம்: அதை நாளைக்குப் பாப்பம். இப்ப நீ வீட்டை போ. றிஷானா கஞ்சியை வைச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு நிப்பாள். நீ அங்கை இருந்தால்தான் எனக்கு இஞ்சை துணை. சொன்னால் விளங்காதோ? எழும்பு!

றஊப்: வீட்டில ஆருமில்ல அண்ண. நோன்புக்கு முதல் கெழமையே றிஷானா பிள்ளைகளயும் கூட்டிக்கிட்டு, புருசன் இரிக்கிற கட்டார் நாட்டுக்குப் போய்ட்டாள். பள்ளியில போய் நோன்பு தொறந்தா, 'ஏன் றஊப், வீட்டில ஆளில்லையா' எண்டு கேப்பாங்க எண்டு, கதவச் சாத்திக்கிட்டுத் தனிய இருந்துதான் தொறக்கிற. அந்தக் கஞ்சி, றோல்ஸ், தாஹிர்ட வாயில இருந்து விழுந்த கொட்டை... நோன்போட இருந்து நான் ஒங்களுக்குச் சொன்னதெல்லாம் போன வருசத்துக் கத.